நாற்பத்தேழாம் எண்

லூப்ளின் நகரத்தில், ரயில் பாதைக்கு அப்பால்
நூற்றுப் பன்னிரண்டு தோட்டங்கள்.
அவற்றின் சங்கத்துக்கு நான் செயலாளர்.
என்னிடம் இருப்பது ஓர் அளவு நாடா, ஒரு பேரேடு,
நாய்களுக்குப் பயந்து ஒரு குடை.

நாற்பத்தேழை நீதிமன்றம் பிரிக்கவில்லை.
வீட்டைப் பிரித்தது. காரைப் பிரித்தது.
பன்னிரண்டு கரண்டிகளை ஆறு ஆறாக.
முந்நூறு சதுர மீட்டர் மண்ணுக்கு வந்ததும் நீதிபதி
"நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்றாராம்.
அவர்கள் பேசவில்லை.
துணி காயப்போடும் நீலக் கயிற்றை நடுவே கட்டினார்கள்.

இந்தப் பக்கம் போகுமிவா.
தைம் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் சேஜ்.
சேஜுக்குப் பக்கத்தில் லாவெண்டர்.
"குறைவாகக் குடிக்கிறவர்களை
ஒன்றாக உட்காரவைக்கிறேன்"
என்றாள் என்னிடம், உரக்க,
அந்தப் பக்கம் கேட்கும்படி.

அந்தப் பக்கம் சியேமோவித்.
புதினா, பார்ஸ்லி, ஐந்து வரிசை முட்டைக்கோஸ்.
காலையும் மாலையும் ரப்பர் குழாயோடு நிற்பான்.

நிலம் அவள் பக்கம் சற்றே சாய்வு.
நாடா அதைச் சொல்லாது, தண்ணீர் சொல்லும்.
முதல் வருடம் தைம் வேரழுகிச் செத்தது.
மூன்று பக்கப் புகார் கொடுத்தாள்:
'தண்ணீர் அத்துமீறல்.'
எங்கள் விதிகளில் அப்படியொரு பிரிவு இல்லை.
கூட்டத்தில் வாக்கெடுத்தோம்;
எதற்கு என்று கை தூக்கியவர்களுக்கே தெரியவில்லை.

புதினா விஷயம் வேறு.
கயிறு மேலே, புதினா போவது கீழே.
ஏப்ரலில் சேஜின் காலடியில் தலைநீட்டியது.
அவள் பிடுங்கினாள், வேரோடு, மண்ணோடு,
ஈரத்துணி மாதிரிக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.
நான் பார்த்த சண்டைகளில்
மணத்த சண்டை அது ஒன்றுதான்.

மறுவருடம் இடிந்த அடுப்பொன்றின் செங்கற்களைக்
கைவண்டியில் கொண்டுவந்தாள்.
உடைத்தாள். மணல் கலந்தாள்.
முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு, அதன்மேல் தைம்,
படரும் ரகம்.
தண்ணீர் வந்தது, அடியைத் தொட்டது, போனது.

ஜூலையில் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள்.
அழகுதான், அவை முட்டையிடும்வரை.
சியேமோவித் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகன்;
துளை எண்ணுவது அவனுக்குக் கைவந்த வேலை.
தூரத்து வரிசையில் இலைக்கு முப்பத்தொன்று.
கயிற்றோரம், மேட்டுக்கு அருகில், நான்கு.
தைம் வாசனைதானா, வேறெதுவுமா,
பட்டாம்பூச்சியை விசாரிக்கும் அதிகாரம் எனக்கில்லை.

அடுத்த வருடம் கோஸ் வரிசைகள்
கயிற்றை நோக்கி ஓரடி நகர்ந்தன.
அதற்கடுத்த வருடம் இன்னும் ஓரடி.
புதினா ஒரு பழைய வாளிக்குள் போயிற்று.
ரப்பர் குழாய் போய்ப் பூவாளி வந்தது.
யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"சமாதானமா?" என்றார் பொருளாளர்.
இல்லை. அவள் சைக்கிள் வாசலில் நின்றால்
அவன் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவான்.
ஓர் அக்டோபரில் அவனுக்கு விடாத இருமல்.
கயிற்றில், அவன் பக்கமாக,
ஒரு கட்டுத் தைம், துணிக்கிளிப்பில் கவ்வியபடி.
மறுநாள் கிளிப் மட்டும் அவள் பக்கமாக.
கழுவியிருந்தான்.

பிறகு எந்தப் பனியிலோ கயிறு அறுந்து விழுந்தது.
மறுபடி கட்ட ஒருவரும் வரவில்லை.

இந்த ஜூனில் அளக்கப் போனேன்.
மேட்டிலிருந்து தைம் வழிந்திறங்கி, ஊதாவாய்ப் பூத்து,
கோஸின் முதல் வரிசைவரை வந்திருந்தது.
மண்டியிட்டு விரலால் துழாவினேன்.
தேனீக்கள் முனகிக்கொண்டே இடம் விட்டன.
கை மணத்தது. கயிறு அகப்படவில்லை.

அன்றைக்கென்று இருவரும் இருந்தார்கள்.
பேரேட்டில் 'எல்லை' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அங்கேதான் இருக்கும்" என்றாள் அவள்.

"இருக்கும்" என்றான் அவன்.

நாடாவைச் சுருட்டினேன்.
நாற்பத்தெட்டில் நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.